பேயின் இடது வாயோரம்

ஜூன் 3, திங்கள்

இன்று என்னிடம் ஒரு முகத்தைக் கொடுத்தார்கள். கதாநாயகியின் முகம். கண்ணை மூடியபடி, பிளாஸ்டர் வெள்ளையில், பலகைமேல் நிமிர்த்தி வைத்த அச்சு. அதன்மேல் களிமண் அப்பி நான் ஒரு பேயைச் செய்ய வேண்டும்.

ஜெரால்டு சாரின் பட்டறையில் சேர்ந்ததிலிருந்து நான் காதுகளும் விரல்களும்தான் செய்துகொண்டிருந்தேன். சாலிகிராமத்தில் ஒரு டிபன் கடைக்கு மேல்மாடி. சினிமாவுக்கு வேண்டிய வெட்டுக்காயம், தீக்காயம், கிழட்டுக் கன்னம், செத்த உடம்பு எல்லாம் இங்கேதான் சிலிக்கானில் தயாராகும். முழு முகம் எனக்கு இதுதான் முதல்.

டைரக்டர் வந்து கதை சொன்னார். "உயிரோட இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பொண்ணு. செத்தப்புறம்தான் வாயத் திறக்குறா. ரத்தம் வேணாம், தொங்குற கண்ணு வேணாம். மூஞ்சியப் பார்த்ததும் பாப்கார்ன் தொண்டையில நிக்கணும்."

"அப்போ நம்ம அன்பரசியை மேக்கப் இல்லாம நிக்கவெச்சிரலாம் சார்," என்றான் நிர்மல். அவன்தான் இங்கே களிமண் முகத்திலிருந்து மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, எடுப்பவன். "வந்ததுலேர்ந்து இன்னும் வாயத் திறக்கல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போகும்போது சார் சொன்னார்: "டைரக்டருக்கு இந்த மூஞ்சி பிடிச்சுதுன்னா படம் முழுக்க நீதாம்மா சிற்பி. ஒரு வருஷ வேலை. டைட்டில்ல பேர் வரும்."

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அரியலூரில் சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குகிறார். பக்கத்தில் லாரி உறுமியது. "கெடச்சா ஒரு வருசம் இருந்துட்டு வா பாப்பா. கெடைக்கலன்னா ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி ஊருக்கு வந்துரணும். உனக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

சரிப்பா என்றேன். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

ஜூன் 5, புதன்

நெற்றியும் கன்னமும் முடிந்தன. அழுது அழுது வற்றிப்போன முகமாகச் செய்கிறேன். கண்ணுக்குக் கீழே பள்ளம், தொங்கும் உதடு. பாவம் என்று தோன்ற வேண்டும். அதுதான் பயம் என்று நினைக்கிறேன்.

மதியத்துக்கு முன் அம்மா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் போன் பேசினால் சார் திட்டமாட்டார். "கை நிக்காதவரைக்கும் வாய் எவ்ளோ வேணா ஓடட்டும்" என்பார். எனவே உட்கார்ந்த இடத்திலேயே, வலது காதில் போனை வைத்துக்கொண்டு, வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி பேசினேன். ஜெயங்கொண்டத்தில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். நான் சரிம்மா, சரிம்மா என்றேன்.

போய் முகம் கழுவி வந்து பார்த்தால், பேயின் வாய் இடது ஓரத்தில் லேசாக மேலே ஏறியிருந்தது. சிரிப்பு மாதிரியும் இல்லை, வேறு எதுவோ. சரியாகப் பிடிக்காமல் களிமண் இளகியிருக்கும். கீழே இறக்கிச் சரிசெய்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

ஹசீனா அக்கா பேரீச்சம்பழம் நீட்டினாள். பேய்களுக்கும் கிழவர்களுக்கும் முடி நடுவது அவள் வேலை. ஒவ்வொரு மயிராக ஊசியால் சிலிக்கானில் குத்துவாள். வாய் மட்டும் ஓயாது.

அவசரத்தில் இடது கையை நீட்டிவிட்டேன். உடனே இழுத்துக்கொண்டு வலது கையால் வாங்கினேன். நல்லவேளை, அவள் எதுவும் சொல்லவில்லை.

சின்ன வயதில் எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. சாப்பிடும்போது அம்மா ஒரு பழைய துண்டால் என் இடது கையை முதுகுப் பக்கம் கட்டிவிடுவாள். ஒருநாள் யாரும் இல்லை என்று நினைத்து இடது கையால் சோற்றை அள்ளினேன். அப்பா கரண்டியால் ஒரு அடி போட்டார். கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. அப்பா கெட்டவர் இல்லை. பீச்சாங்கைக்காரியை யார் கட்டுவார்கள் என்ற கவலை அவருக்கு. பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பழக்கம் விட்டுப்போனது. இப்போதெல்லாம் எனக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே நினைவிருப்பதில்லை.

ஜூன் 10, திங்கள்

யாரோ என் களிமண்ணைத் தொடுகிறார்கள்.

காலையில் வந்து பார்த்தபோது நான் விட்டுப்போன மாதிரியேதான் இருந்தது. பதினோரு மணிக்குமேல் அம்மா கூப்பிட்டாள். பையன் போட்டோ அனுப்பியிருக்கிறாளாம், பார்த்தாயா என்றாள். பார்த்தேன், நல்லாயிருக்காரு என்றேன். பேசி முடித்ததும் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் புருவங்கள் இரண்டும் இறங்கி, நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. வாயின் இடது ஓரம் மறுபடி மேலே.

அழுத முகம் போய்விட்டது. கேட்டதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் ஒரு முகம் இருந்தது.

நான் டீ குடிக்கப் போனபோது மாடியில் இருந்தவர்கள் நிர்மல், ஹசீனா அக்கா, சார். மூன்று பேர்தான்.

பழையபடி ஆக்கலாம் என்று கருவியை எடுத்தேன். அதற்குள் படிக்கட்டில் டைரக்டரின் குரல்.

அவர் முகத்துக்கு முன் வந்து நின்றார். குனிந்து வாயோரத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "இந்த வாய்… இத யாரும்மா பண்ணது?" என்றார். சார் என்னைக் காட்டினார். "இதேதான். இன்னும் போங்க. ஆனா இந்த வாய்ல மட்டும் கை வெக்காதீங்க" என்றார்.

நன்றி சார் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஜூன் 12, புதன்

கும்பகோணத்தில் சிற்பம் படித்தபோது பழகியது ஒன்று உண்டு. களிமண்ணில் விழுந்த கோட்டைப் பார்த்தே போட்டவர் எந்தக் கைக்காரர் என்று சொல்லிவிடலாம். வலது கைக்காரர் இழுத்தால் கோடு வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் கீழே இறங்கும். என் கோடுகள் எல்லாம் அப்படித்தான்.

இன்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புருவ மடிப்பிலும் வாயோரத்திலும் கோடுகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன.

இடது கைக்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார். கெட்டிக்காரரும்கூட. அந்த மடிப்பை நான் செய்திருந்தால் நாலு தடவை அழித்திருப்பேன். அவர் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது.

எதற்காகச் செய்கிறார்? என்னைக் கெடுக்கவா? கெடுப்பவர் இவ்வளவு அழகாகக் கெடுப்பாரா? கடைசி நாளில் "அது நான் செய்தது" என்று சொல்லிக்கொண்டு வரப்போகிறார். அப்போது நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஜூன் 14, வெள்ளி

ஆட்களைக் கவனிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசாதவர்களுக்கு வேறு என்ன வேலை?

சார்: கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில் கட்டுகிறார். முன்பு ஏன் கவனிக்கவில்லை? ஆனால் கையெழுத்து வலது கையில்தான் போடுகிறார். கேட்டதற்கு, "இந்தக் கையில சிலிக்கான் அலர்ஜிம்மா" என்று இடது மணிக்கட்டைக் காட்டினார். தோல் சிவந்து தடித்திருந்தது. உண்மையாகவும் இருக்கலாம்.

ஹசீனா அக்கா: ஊசி வலது கை. கத்தரி வலது கை.

நிர்மல்: ஒன்றும் தெரியாதவள்போல என் ரப்பரை அவன் பக்கம் எறிந்தேன். வலது கையால் பிடித்தான். "என்னா அன்பு, கல்லெறியிற அளவுக்கு வந்துட்டியா?" என்றான். ஆனால் மதியம் மொட்டைமாடியில் டிபன் கடைக்காரர்களோடு கிரிக்கெட் ஆடினான். இடது கை பேட்டிங்.

குறித்துவைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத். ஹசீனா அக்கா இன்று பெரிய டப்பாவில் பிரியாணி கொண்டுவந்தாள். பேயைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

"அச்சு அசல் என் மாமியாடி. நான் ரெண்டாவது முட்டை எடுத்தா இப்படித்தான் பார்ப்பா."

"உங்க மாமியாரு இவ்ளோ அழகாவா இருப்பாங்க?" என்றான் நிர்மல்.

"உனக்கென்னடா தெரியும், அழகா இருக்குறதுங்கதான் பயமே."

நான் சிரிக்கவில்லை. காலையில் அம்மாவோடு பேசி முடித்த பிறகு கவனித்திருந்தேன். பேயின் இடது கண்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தித் திருப்பியிருக்கிறார்கள். ரேகை அப்படியே பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு, வெட்டுப் பட்ட மாதிரி.

எனவே பிரியாணி சாப்பிடும்போது எல்லோருடைய கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாருடையது வழவழப்பு. அக்காவுடையதில் ஊசிக்குத்துகள், கோடு இல்லை. நிர்மலின் இடது கட்டைவிரலில் பேண்டேஜ் சுற்றியிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன். நானாக அவனிடம் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"கட்டர் கிழிச்சிருச்சு," என்று விரலைப் பின்னால் கொண்டுபோனான்.

கிடைத்துவிட்டான்.

ஜூன் 20, வியாழன்

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர்மேல் புகார் சொன்னேன். பாதி வார்த்தை உள்ளேயே போய்விட்டது. சார் பொறுமையாகக் கேட்டார். கண்குழியைப் பார்த்தார். நிர்மலைக் கூப்பிட்டார்.

"நானா?" என்றான் அவன். "சார், அத்த ஒருவாட்டி நேருக்கு நேரா பார்த்துட்டு நைட்டு லைட்டு போட்டுத் தூங்குனேன். நான் போய்த் தொடுவேனா?"

"வெளையாடாத நிர்மல். அந்தப் புள்ளைக்கு இது முத வாய்ப்பு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். விளையாட்டு முகத்தில் இல்லை. "நீ சொன்னியா?" என்றான். நான் தரையைப் பார்த்தேன். நாளையிலிருந்து அவனை ஹைதராபாத் படப்பிடிப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே நாள் முழுக்க வெயிலில் நின்று செத்த உடம்புகளைத் தூக்கிப்போட வேண்டும். யாரும் விரும்பிப் போகாத வேலை.

பேண்டேஜை அவிழ்த்துக் காட்டச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

நிர்மல் இல்லை. அம்மாவும் இன்று கூப்பிடவில்லை. நாள் முழுக்கக் களிமண் நான் வைத்தபடியே இருந்தது.

நிம்மதி.

ஜூன் 25, செவ்வாய்

நிம்மதி இல்லை.

மதியம் அம்மா கூப்பிட்டாள். பையனுடைய அம்மாவுக்கு ஜாதகம் பொருந்திவிட்டதாம். "சினிமா வேலைன்னு சொல்லாத, கம்ப்யூட்டர்ல படம் வரையிறன்னு சொல்லு, என்ன?" சரிம்மா. "முடிய நல்லா எண்ண வெச்சுப் பின்னு, அங்க தண்ணி உப்பு." சரிம்மா. "காலேஜ் படிச்சதுங்கள்லாம் எதுத்துப் பேசும், ஏம் பொண்ணு அப்படியில்லன்னு சொல்லிவெச்சிருக்கேன்." சரிம்மா.

தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, மூடியைக் கொத்திப் பார்த்து, போய்விட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பேயின் கண்கள் திறந்திருந்தன. இமைகளைச் செதுக்கி எடுத்து, உள்ளே விழிகளை உருட்டி வைத்து, பார்வையை இடதுபுறம் திருப்பியிருக்கிறார்கள். அந்தப் பார்வை எங்கே போகிறது என்று கோடு பிடித்துப் பார்த்தேன். ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி.

நான் பார்க்கும் இடத்தையே அதுவும் பார்க்கிறது.

நான் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. என் முன்னாலேயே நடந்திருக்கிறது. நிர்மல் ஹைதராபாத்தில். சார் ஸ்டூடியோவில். அறையில் இருந்தவள் ஹசீனா அக்கா ஒருத்திதான். அவள் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு கிழவனுக்கு மீசை நட்டுக்கொண்டிருந்தாள்.

ஏன் சிரித்தாள்?

கை கழுவப் போனேன். இடது கை நகக்கண்ணில் களிமண் அடைந்திருந்தது. இந்த அறையில் எங்கே தொட்டாலும் ஒட்டிக்கொள்கிறது.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் டைரக்டர் வந்தார். அந்தக் கண்களைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். பிறகு சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஓகே. இதுதான் என் பொண்ணு." நாளை மோல்டு எடுக்க வேண்டும். வேலை எனக்குத்தான். ஒரு வருடம்.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் ஹசீனா அக்கா மட்டும் இருந்தாள்.

"கெடச்சிருச்சுப்பா."

"சந்தோசம் பாப்பா. நல்லது." அதே மூச்சில் அடுத்ததைச் சொன்னார்: "ஏழாந்தேதி ஞாயித்துக்கிழம அவங்க வர்றாங்க. நீ சனிக்கிழமையே வந்துரு."

"ஒரு வருஷம்னு சொன்னீங்கப்பா."

"சொன்னேன்தான். இது நல்ல எடம். கைவிட்டுப் போச்சுன்னா அப்புறம் வருமா? அவங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன். வேலைக்கு விடுறதும் விடாததும் அவங்க இஷ்டம், விட்டா போ, விடாட்டி என்ன? நீ எப்பவாச்சும் அப்பா பேச்சத் தட்டியிருக்கியா?"

"இல்லப்பா."

"அப்ப சரின்னு சொல்லு."

"சரிப்பா."

போனை வைத்தேன். திரும்பினேன். பேயின் வாய் திறந்திருந்தது.

கம்பி வளையத்தால் உதட்டைப் பிளந்து உள்ளே குடைந்திருந்தார்கள். இடது ஓரம் காதுவரை ஏறியிருந்தது. பல்லிடுக்கெல்லாம் நகத்தால் கீறியது. சம்மதம் வாங்கிய முகம், நாளைக்கு மோல்டு எடுக்க வேண்டிய முகம், போயே போய்விட்டது.

நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. "ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

ஹசீனா அக்காவின் ஊசி நின்றது. "நானா? என்னாடி சொல்ற?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"நீ இருக்கியே," என்றாள் அவள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "கண்ணு, நெசமாவே உனக்குத் தெரியாதா? போன் வந்தா நீதானேடி பண்ற. அந்தாண்ட பார்த்துக்கிட்டு சரிம்மா சரிம்மாங்கிற, இந்தாண்ட கை பாட்டுக்குப் பூந்து வெளையாடுது. நான் என்னமோ உன் ஸ்டைல் இதுன்னு இல்ல நெனச்சேன். ஸ்டேட்டஸ்கூட வெச்சேனே, நீ பார்க்கல?"

நான் யாருடைய ஸ்டேட்டஸும் பார்ப்பதில்லை.

காட்டினாள். "எங்க பேய் டிபார்ட்மெண்ட்" என்று தலைப்புப் போட்டிருந்தாள். வீடியோவில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரிம்மா. ம். சரிம்மா. என் குரல் எவ்வளவு இனிமையாக இருக்கிறது! படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு கை. அவசரப்படாத, தடுமாறாத கை. எதையும் பார்க்காமலே கருவியை மாற்றி எடுக்கிறது. ஒரே இழுப்பில் கோடு போடுகிறது. கட்டைவிரலைக் கண்குழியில் வைத்து நிதானமாகத் திருப்புகிறது.

அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு சரிம்மாவும் முடிந்த பிறகு என் முகத்தில் வாயின் இடது ஓரம் மேலே ஏறுகிறது.

ஜூன் 28, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனைபோலச் சும்மா கிடந்தது.

ஜூலை 1, திங்கள்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை பாதி வார்த்தை உள்ளே போகவில்லை. அவர் சிரிப்பார் அல்லது பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். களிமண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மோல்டை நான்தான் நிறுத்திவெச்சேன். பழைய போட்டோ இருக்கு, மூடின வாயாவே மறுபடி பண்ணிக்கலாம். இல்ல, இப்படியே முடிச்சு டைரக்டருக்கு அனுப்பலாம். எது உன் மூஞ்சி, நீ சொல்லு."

அவர் போன பிறகு வலது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கருவியை இடது கையில் எடுத்தேன். ஜன்னலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். முதலில் கை வெட்கப்பட்டது. யாரோ கரண்டியோடு பின்னால் நிற்பதுபோல இரண்டு முறை நான் திரும்பிப் பார்த்தேன். பிறகு அது போகத் தொடங்கியது. நான் தொடர்ந்தேன். சாயங்காலத்துக்குள் நாக்கு, தொண்டை, உள்ளே சேர்ந்திருக்கும் இருட்டு எல்லாம் வந்துவிட்டது.

சார் போட்டோ அனுப்பினார். "முன்னாடி அனுப்புனத மறந்துருங்க, இதுதான்" என்று பதில் வந்தது.

ஜூலை 2, செவ்வாய்

நிர்மலைத் திரும்ப வரவழைத்துவிட்டார்கள். வெயிலில் கறுத்துவிட்டான். நான் மன்னிப்புக் கேட்க எழுந்து நின்றேன். அவன் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நுனியில் ஆறிய சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

"நீ குத்துன கண்ணுக்கு நான் பொணந்தூக்கப் போனேன். இதுக்கு ஒரு பிரியாணி, அத்தோட ஒரு மாசம் நீ என்கிட்ட பேசணும். தெனம். வாயால."

"சரி," என்றேன்.

"தே, அந்த சரி வேணாம். அதக் கேட்டாலே கையத்தான் பார்க்கத் தோணுது."

ஜூலை 4, வியாழன்

அம்மா கூப்பிட்டபோது ஒரு சோதனை செய்தேன். போனை இடது கையில் பிடித்து இடது காதில் வைத்தேன்.

"பச்சப் பட்டு எடுத்துவெச்சிருக்கேன். சனிக்கிழம எந்த பஸ்ஸு?"

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்மா."

களிமண்ணில் எதுவும் நடக்கவில்லை. வலது கை மேசைமேல் சும்மா இருந்தது.

அந்தப்பக்கம் மிக்ஸி சத்தம்கூட இல்லை. "சத்தம் சரியா கேக்கலடி. நேர்ல வா, பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

நன்றாகவே கேட்டிருக்கும்.

ஜூலை 7, ஞாயிறு

பையன் வீட்டில் ஏழு பேர் வந்தார்கள். பையன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் கலையரசன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காலையிலேயே அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். "வேண்டாம்ப்பா" என்றேன். அவர் சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டே, "வர்றவங்க முன்னாடி மூஞ்சியத் தூக்கிவெச்சுக்காத" என்று சொல்லிவிட்டு நாற்காலி வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா காபித் தட்டைக் கொடுத்தாள். பெரிய எவர்சில்வர் தட்டு. கனமாக இருந்ததால் வலது கையை அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டேன். ஹாலுக்குப் போனேன். முதலில் பையனின் அம்மா. "படிச்ச புள்ள, ஆனா எவ்ளோ அடக்கம் பாரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் டம்ளரை எடுத்து நீட்டினேன். இடது கையால்.

தெரியாமல் செய்யவில்லை. முழுக்கத் தெரிந்து செய்தேன் என்றும் சொல்லமுடியாது. தட்டு வலது கையில் இருந்தது, அதனால் என்றும் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய்.

அந்த அம்மா வாங்கக் கை நீட்டினார், பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார். "ஏய், கை!" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார். அவர் பார்வை நேராக என் கட்டைவிரலுக்குப் போனது. தழும்பை நினைவு வைத்திருக்கிறார்.

அந்த அம்மாவுக்குப் பின்னால் பீரோ. பீரோ கதவில் கண்ணாடி. பச்சைப் பட்டும் மல்லிகைப்பூவுமாக நான் நின்றேன். வாயின் இடது ஓரம் மேலே ஏறியிருந்தது. ஒரு மாதமாக யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பயந்தது மற்றவர்கள்தான்.

"நான் கம்ப்யூட்டர்ல படம் வரையலங்க," என்றேன். "சினிமாவுக்குப் பேய் செய்யிறேன். ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கு. இப்போதைக்குக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். அலைஞ்சு வந்துட்டீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றேன். யாரும் வாங்கவில்லை. காபியில் ஆடை கட்டத் தொடங்கியது. வீணாக்கக் கூடாது என்று நானே குடித்தேன். அதே கையால், கடைசிச் சொட்டுவரை.

சர்க்கரை கொஞ்சம் கம்மி.

ஜூலை 8, திங்கள்

அப்பா நேற்று மதியத்திலிருந்து பேசவில்லை. காலையில் நான் கிளம்பும்போது வாசலில் ஷூவில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. போயிட்டு வர்றேன்ப்பா என்றேன். தட்டும் சத்தம் மட்டும் ஒரு கணம் நின்றது.

அம்மா பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள். வழியெல்லாம் திட்டினாள். மானம் போச்சு, மாமன் வீட்டுக்கு எப்படிப் போவேன், உன்னை யார் படிக்கச் சொன்னது. நான் ம் கொட்டவில்லை. சென்னை பஸ் வந்ததும் திட்டை நிறுத்தி, புளிசாதக் கட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்த பையை நீட்டினாள்.

என் வலது கை காலியாகத்தான் இருந்தது. அவள் அதைத் தாண்டி, இடது கையைப் பிடித்து, விரல்களை விரித்து, பையின் காதை உள்ளே வைத்து மூடிவிட்டாள். சின்ன வயதில் துண்டால் கட்டும்போது எப்படிப் பிடிப்பாளோ அதே பிடி.

தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா? விக்கிரவாண்டி தாண்டிவிட்டது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.